தோட்டத்து மருந்தில் ஒரு காட்டுக் காளானும் ஒரு கடல் புழுவும்

இராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயியின் மோட்டார் அறையைத் திறந்து பார்த்தால் மூலையில் ஒரு பலகை இருக்கும். அதன்மேல் பாதி தீர்ந்த மருந்துப் புட்டிகள், வாய் மடித்துக் கட்டிய பொட்டலங்கள், அளவு பார்க்க வைத்திருக்கும் ஒரு பழைய மூடி. தக்காளிக்கும் மாமரத்துக்கும் அடித்தது போக மீதமுள்ள பூஞ்சாண மருந்தின் லேபிளில், சிறிய எழுத்தில் 'அசாக்சிஸ்ட்ரோபின்' என்று அச்சிட்டிருக்கும். கீழே, நெல்லுக்கு வாங்கிய குருணை மருந்துப் பையில் 'கார்டாப் ஹைட்ரோகுளோரைடு 4 சதம்' என்று இருக்கும்.

முதலாவது மருந்து, ஐரோப்பாவின் பைன் காட்டில் முளைக்கும் ஒரு சிறு காளானிடமிருந்து மனிதன் கற்றுக்கொண்டது. இரண்டாவது, ஜப்பான் நாட்டு மீனவர்கள் தூண்டிலில் கோக்கும் ஒரு கடல் புழுவிடமிருந்து கற்றுக்கொண்டது. கடலிலிருந்து வெகு தூரத்தில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர் மேட்டு நிலத்துக்கு இவை இரண்டும் வந்து சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அடிக்கிற விவசாயிக்கு மட்டும் அவை எங்கிருந்து வந்தன என்பது தெரியாது. கடைக்காரர் சொல்வதில்லை, லேபிளிலும் அது இல்லை.

இப்போது மூன்றாவதாக ஒரு பிராணியின் நஞ்சு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்திருக்கிறது. அது கடல் நாடாப்புழு. காட்டுக் காளானையும் இந்த நாடாப்புழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வெறும் வேடிக்கைக்காக அல்ல. காளான் மருந்து ஏன் சில இடங்களில் சில ஆண்டுகளிலேயே பலன் தராமல் போயிற்று, புழு மருந்து ஏன் பக்கத்து வீட்டுக்காரரின் பட்டுப்புழுவைக் கொல்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் விடை அந்த ஒப்பீட்டில் இருக்கிறது.

பெயர்க் குழப்பம்

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் நாம் எல்லாவற்றையும் புழு என்றே சொல்லிவிடுகிறோம். குருத்தைத் துளைப்பதும் புழு, மண்ணை உழுவதும் புழு, வேரில் முடிச்சு போடுவதும் புழு, பட்டு நூற்பதும் புழு. குருத்துப் புழுவும் பட்டுப்புழுவும் உண்மையில் அந்துப்பூச்சியின் குஞ்சுகள். மண்புழு தனிக் குலம். வேர் முடிச்சு போடும் நூற்புழு இன்னொரு குலம். கடல் நாடாப்புழு இவற்றில் எதையும் சேராதது. நாடாப்புழு என்றதும் ஆட்டின் குடலில் இருக்கும் புழு நினைவுக்கு வரும். அதுவும் இது இல்லை. இது யார் வயிற்றிலும் வாழ்வதில்லை. கடலடிச் சேற்றிலும் கல்லுக்கடியிலும் தன்னந்தனியாக ஊர்ந்து, இரை பிடித்துப் பிழைப்பது. உலகில் சுமார் 1,300 வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. இந்தியக் கடல்களிலும் இக்குலத்துப் புழுக்கள் உண்டு.

காளான் பக்கம் குழப்பம் எதிர்த்திசையில். தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் மழைக்குப் பின் குடை விரிக்கும் காளானும், மாம்பூவின்மேல் மாவு தூவியதுபோல் படியும் சாம்பல் நோயும் நமக்கு வேறு வேறு பொருள்கள். ஆனால் இரண்டும் ஒரே பூஞ்சாண இனம். ஒரு காளானின் நஞ்சு இன்னொரு பூஞ்சாணத்தைக் கொல்கிறது என்றால், அது பங்காளிச் சண்டை. பங்காளியின் பலவீனம் பங்காளிக்குத்தானே தெரியும்!

பைன் கூம்பின்மேல் ஒரு சண்டை

அந்தக் காளானின் பெயர் ஸ்ட்ரோபிலூரஸ் டெனசெல்லஸ். ஐரோப்பியப் பைன் காடுகளில் இளவேனிலில் முளைக்கும். பழுப்புக் குடை, ஒரு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் அதிகம். மெல்லிய தண்டைத் தோண்டிக்கொண்டே போனால் மண்ணுக்குள் புதைந்த ஒரு பைன் கூம்பில் போய் முடியும். அந்த ஒரு கூம்புதான் அதற்குச் சோறு, வீடு, சொத்து எல்லாம். விழுந்து மட்கும் கூம்பைத் தின்னக் காட்டில் எத்தனையோ பூஞ்சாணங்கள் காத்திருக்கின்றன. காளானால் ஓட முடியாது, கடிக்க முடியாது. ஆகவே தன்னைச் சுற்றி ஒரு நஞ்சைக் கசியவிட்டு வேலி போட்டுக்கொள்கிறது. வேறு பூஞ்சாணம் நெருங்கி வரும்போது இந்த நஞ்சைக் கூடுதலாகச் சுரக்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள்.

1977ல் ஜெர்மனியில் டிம் ஆங்கே, வொல்ஃப்காங் ஸ்டெக்லிஷ் ஆகியோரின் குழு இந்த நஞ்சைப் பிரித்தெடுத்து, காளானின் பெயரிலேயே ஸ்ட்ரோபிலுரின் என்று பெயரிட்டது. இதற்கு முன்பே 1969ல் செக்கோஸ்லோவாக்கியாவில் பீச் மரத்தில் வளரும் ஒரு வழுவழுப்பான வெள்ளைக் காளானிலிருந்து இதே பொருளைப் பிரித்திருந்தார்கள். மனிதர்களின் தோலில் வரும் படை போன்ற பூஞ்சாண நோய்க்கு அதை மருந்தாக்கி விற்றார்கள். இரண்டும் ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்தது. படைக்குப் பூசிய பொருளைப் பயிருக்கு அடிக்கலாம் என்று யாருக்கும் உடனே தோன்றவில்லை.

தோன்றிய பிறகும் ஒரு தடை. காளான் சுரந்தபடியே எடுத்து இலைமேல் தெளித்தால் அது வெயிலில் சிறிது நேரத்திலேயே சிதைந்துவிடும். மண்ணின் ஈரத்திலும் நிழலிலும் வேலை செய்வதற்காக உண்டானதுதானே அது! இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இருந்த இரசாயன நிறுவனங்கள் அதன் அடிப்படை அமைப்பை வைத்துக்கொண்டு, வெயில் தாங்கும்படி மாற்றி மாற்றிச் செய்து பார்த்தன. 1996ல் அசாக்சிஸ்ட்ரோபினும் கிரசாக்சிம் மெத்திலும் விற்பனைக்கு வந்தன. டிரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின் ஆகியவை பின்னால் வந்த தம்பிகள்.

இம்மருந்து செய்யும் வேலை என்ன? எந்த உயிருக்கும் உடம்பின் ஒவ்வொரு அணுவறைக்குள்ளும் சிறு அடுப்பு போல ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. உணவைச் சக்தியாக மாற்றுவது அதுதான். ஸ்ட்ரோபிலுரின் பூஞ்சாணத்தின் அந்த அடுப்பில் போய் ஓரிடத்தில் அடைத்துக்கொள்ளும். அடுப்பு அணைந்தால் விதைத்தூள் முளைக்காது. முளைப்பதற்குத்தான் சக்தி அதிகம் தேவை. ஆகவே இம்மருந்து நோய் வருமுன் அல்லது முதல் புள்ளி தெரிந்தவுடன் அடித்தால்தான் முழுப் பலன் தரும். இலை பாதி கருகிய பிறகு அடித்துவிட்டு 'விலை உயர்ந்த மருந்தும் கேட்கவில்லை' என்று சொல்வது மருந்தின் குற்றமல்ல.

ஐம்பத்தைந்து மீட்டர் நாடா

கடல் நாடாப்புழுவின் கதை இதைவிட விசித்திரமானது. இக்குலத்தில் பெரியது லைனியஸ் லாஞ்சிசிமஸ் என்னும் வகை. இங்கிலாந்து, நார்வே, சுவீடன் கரையோரங்களில் கல்லுக்கடியில் கரும்பழுப்பு நிறத்தில் சுருண்டு கிடக்கும். அகலம் ஒரு சென்டிமீட்டருக்குள். நீளமோ 5 முதல் 15 மீட்டர். 1864ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் புயலுக்குப் பின் ஒதுங்கிய ஒன்று 55 மீட்டர் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. இழுத்தால் ரப்பர்போல் நீளும் உடம்பு என்பதால், அளக்கும்போது எவ்வளவு இழுத்தார்களோ என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் தென்னை மரத்தைப் போல் நீளமான புழு இருக்கிறது என்பது மிச்சம்.

இவ்வளவு நீளமான, எலும்போ ஓடோ முள்ளோ இல்லாத, மெதுவாக நகரும் ஒரு சதை நாடா கடலில் எப்படிப் பிழைக்கிறது? நண்டும் மீனும் துண்டு துண்டாகத் தின்றிருக்க வேண்டுமே. தின்பதில்லை. காரணம் அதன் உடம்பு முழுவதும் பூசியிருக்கும் கோழை. கையில் எடுத்தால் காரமான நெடி அடிக்கும்.

2018ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கோழையைப் பிரித்துப் பார்த்து, அதில் நெமர்டைடு என்னும் புரதத் துணுக்குகள் இருப்பதை வெளியிட்டார்கள். அதில் மிகக் குறைந்த அளவை நண்டுக்கும் கரப்பான் பூச்சிக்கும் ஊசியில் ஏற்றினார்கள். இரண்டுமே முடங்கிச் செத்தன. பூச்சியின் நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சிறு சிறு வாசல்கள் உண்டு. தேவையானபோது திறந்து, உடனே மூடிக்கொள்பவை. நெமர்டைடு அந்த வாசலை மூடவிடாமல் செய்துவிடுகிறது. பாலூட்டிகளின் நரம்பு வாசல்களை விடப் பூச்சிகளின் வாசல்களில் இது பல மடங்கு கடுமையாக வேலை செய்தது. அதனால்தான் 'புதிய பூச்சி மருந்துக்கு வழி' என்று அந்தச் செய்தி உலகெங்கும் பேசப்பட்டது.

இதை வைத்து நாளையே கடையில் புட்டி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஊசியில் ஏற்றுவது வேறு, இலையில் தெளிப்பது வேறு. பூச்சி தின்றால் வயிற்றில் செரித்துப் போகக்கூடிய பொருள் இது. தோலின் வழியே உள்ளே போவதும் எளிதல்ல. காளானின் நஞ்சுக்கு வெயில் தடையாக இருந்தது. புழுவின் நஞ்சுக்குப் பூச்சியின் வயிறும் தோலும் தடை. முதல் தடையைத் தாண்ட 1977 முதல் 1996 வரை 19 ஆண்டுகள் பிடித்தன.

நாடாப்புழுக் குலத்தின் இன்னொரு வகை நமக்கு இன்னும் நெருக்கமானது. வட பசிபிக் கரையில் வாழும் பாராநெமர்டெஸ் என்னும் புழு, வாய்ப்பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கும் ஒரு நீண்ட குழலைப் பளிச்சென்று வெளியே வீசும். சட்டைக் கையை உள்ளே இழுத்து வைத்து வெளியே தள்ளுவது போல. குழலில் இருக்கும் ஊசி இரையைக் குத்தி நஞ்சை இறக்கும். அந்த நஞ்சின் பெயர் அனபேசின்போல ஒலிக்கும் அனபாசெயின். 1971ல் வில்லியம் கெம் என்பவரின் குழு அதன் அமைப்பை வெளியிட்டது. அது ஏறக்குறைய புகையிலையில் இருக்கும் நிகோடின்! நம் ஊர்களில் அசுவினிக்குப் புகையிலைக் கஷாயம் அடித்தவர்கள், தாம் கடலடிப் புழு ஒன்றின் உத்தியைக் கையாண்டதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

தூண்டிலில் செத்த ஈக்கள்

பாராநெமர்டெஸ் குத்தித் தின்னும் இரை எது? கணுக்கணுவான உடம்புள்ள கடல் புழுக்கள். மண்புழுவுக்குத் தூரத்து உறவு. அந்த உறவு வட்டத்தைச் சேர்ந்த ஒரு புழுவைத்தான் ஜப்பானிய மீனவர்கள் தூண்டில் இரையாகப் பயன்படுத்தி வந்தார்கள். செத்த புழுவின்மேல் வந்து உட்கார்ந்த ஈக்கள் அங்கேயே விழுந்து சாவதை அவர்கள் பார்த்திருந்தார்கள். 1934ல் நிட்டா என்னும் ஜப்பானிய அறிஞர் அந்த நஞ்சைப் பிரித்து நெரைஸ்டாக்சின் என்று பெயர் வைத்தார். 1962ல் அதன் அமைப்பு தெளிவாயிற்று. அதை ஒட்டிச் செய்த கார்டாப் 1967ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நெல்லின் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அது அன்று முதல் இன்று வரை ஆசிய நாடுகளெங்கும் பயன்படுகிறது. கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் நெல் வைப்பவர்கள் ஏக்கருக்கு 7½ முதல் 10 கிலோ குருணையாக வயலில் தூவுவது இதைத்தான்.

ஆக, ஈ செத்ததைக் கவனித்தது பல்கலைக்கழகம் அல்ல, மீனவர். அறிஞர்கள் பிறகு வந்தார்கள். இப்படிப்பட்ட கவனிப்பு நம் வயல்களிலும் தினமும் நடக்கிறது. எழுதி வைக்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

ஒரே பூட்டு, ஒரே சாவி

இனி இரண்டையும் ஒப்பிடலாம். காளான் நின்ற இடத்தில் நிற்கிறது, புழு நகர்கிறது. காளான் தன் இனத்துப் போட்டியாளரைத் தடுக்க நஞ்சு சுரக்கிறது. புழு இரையைப் பிடிக்கவும் தான் இரையாகாமல் இருக்கவும் சுரக்கிறது. ஒன்றின் நஞ்சு மூச்சை அடைக்கிறது, மற்றதன் நஞ்சு நரம்பைக் குழப்புகிறது. ஆனால் முறை ஒன்றுதான். இரண்டும் எதிரியின் உடம்பில் ஒரே ஒரு பூட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்றே சாவி செய்து வைத்திருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு சிறிய அளவில் இவ்வளவு வேலை நடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி அசாக்சிஸ்ட்ரோபின் போதும் என்று சொல்வது இதனால்தான். ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. எதிரி பூட்டை மாற்றிவிட்டால் சாவி வீண்.

அப்படியே நடந்தது. 1996ல் வந்த மருந்துக்கு 1998லேயே வட ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோய் கட்டுப்பட மறுத்தது. அந்தப் பூஞ்சாணத்தின் அடுப்புப் புரதத்தில் 143ஆம் இடத்தில் கிளைசின் என்ற கண்ணிக்குப் பதில் அலனின் என்ற கண்ணி வந்திருந்தது. ஒரே ஒரு கண்ணி. அவ்வளவுதான், மருந்து அங்கே பொருந்தவில்லை. பிறகு வெள்ளரியிலும் திராட்சையிலும் இதே கதை. மகாராஷ்டிரத் திராட்சைத் தோட்டங்களிலும் அடிச்சாம்பல் நோயில் இந்த எதிர்ப்புத் திறன் கண்டறியப்பட்டிருக்கிறது.

இதில் வியப்பான ஒன்று உண்டு. மைசீனா என்னும் சிறு காட்டுக் காளான் ஒன்றும் ஸ்ட்ரோபிலுரின் சுரக்கிறது. தன் நஞ்சில் தானே சாகாமல் இருக்க அதன் புரதத்தில் இயற்கையாகவே ஒரு மாற்றம் இருக்கிறது. அது எந்த இடத்தில்? அதே 143ல், அதே அலனின்! காட்டில் எப்போதோ கண்டுபிடித்த தற்காப்பை, வயலில் நோய்ப் பூஞ்சாணம் இரண்டே ஆண்டுகளில் கண்டுபிடித்துவிட்டது. காட்டில் ஒரு கூம்பைச் சுற்றி ஒரு துளி நஞ்சு. வயலிலோ ஆயிரக்கணக்கான ஏக்கரில், ஒரே மருந்து, வாரா வாரம். தப்பிப் பிழைக்கும் ஒன்றே ஒன்று இருந்தாலும், மறுவாரம் வயல் முழுவதும் அதன் வாரிசுதான்.

ஓசூர், பாகலூர், பேரிகை, கெலமங்கலம் பக்கங்களில் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். சிப்காட் தொழிற்சாலைகளும் வீட்டுமனைகளும் நிலத்தைத் துண்டாக்கிவிட்டன. இருக்கும் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் ஆண்டு முழுவதும் தக்காளி, கோசு, குடைமிளகாய், பூ என்று மாற்றி மாற்றிப் பணம் எடுத்தாக வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் காலை ஷிப்டுக்குப் போகுமுன் அவசரமாக அடிக்கிறார்கள். அல்லது கூலிக்கு அடிப்பவர் வந்து, கையில் இருக்கும் நாலு மருந்தை ஒரே டேங்கில் கலக்குகிறார். அத்திப்பள்ளி, ஆனேக்கல் என்று எல்லை தாண்டிப் போய் மருந்து வாங்குவதும் உண்டு. கடைக்குக் கடை வணிகப் பெயர் மாறும், புட்டியின் நிறம் மாறும். 'போன வாரம் அது அடித்தேன், இந்த வாரம் இது' என்று விவசாயி மருந்தை மாற்றிவிட்டதாக நினைக்கிறார். உள்ளே இருப்பது இரண்டிலும் காளான் குடும்பத்து மருந்துதான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பெரிய எழுத்தைப் பார்க்க வேண்டாம். சிறிய எழுத்தில் உள்ள தொழில்நுட்பப் பெயர் 'ஸ்ட்ரோபின்' என்று முடிந்தால் எல்லாம் ஒரே சாவி. கிரசாக்சிம் மெத்தில் மட்டும் பெயரில் மாறுவேடம் போட்டிருக்கும். அதுவும் இவற்றோடு சேர்ந்ததே. இக்குடும்பத்து மருந்து ஒருமுறை அடித்தால், அடுத்த முறை வேறு வகை. தக்காளி இலைக்கருகலுக்கு லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப், அல்லது 2½ கிராம் தாமிர ஆக்சிகுளோரைடு. மாம்பூவின் சாம்பல் நோய்க்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம். கடும் வெயில் நேரத்தில் மட்டும் வேண்டாம், கருக்கிவிடும். இந்தப் பழைய மருந்துகளை மலிவு என்று ஏளனம் செய்வோர் உண்டு. இவை பூஞ்சாணத்தின் ஒரு பூட்டை மட்டும் தாக்குவதில்லை. பல இடத்தில் ஒரே சமயத்தில் கை வைக்கின்றன. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இவற்றுக்கு எதிர்ப்புத் திறன் எளிதில் உண்டாவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிறு விவசாயிக்குப் புது மருந்தைவிடப் பழைய மருந்தே முதல் துணை என்று சொன்னால் மிகையாகாது. புது மருந்து அவசரத்துக்கு.

வேலிக்கு அப்பால் மல்பெரி

பூஞ்சாண மருந்து கேட்காமல் போனால் ஒரு பட்டத்துத் தக்காளி போகும். புழு மருந்து தவறான திசையில் போனால் பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு மாத உழைப்பு ஒரே இரவில் போகும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஓசூர்ப் பகுதியின் குளிர்ச்சி பட்டுப்புழுவுக்கு ஏற்றது. மத்திய பட்டு வாரியம் மல்பெரி, பட்டுப்புழு இரகங்களின் கருமூலங்களைப் பாதுகாக்கும் மையத்தை ஓசூரில்தான் வைத்திருக்கிறது. கூட்டை இங்கேயும் விற்கலாம், தர்மபுரியிலும் விற்கலாம், இராமநகரத்துக்கும் கொண்டு போகலாம். ஒரு ஏக்கர் மல்பெரி வைத்த சிறு குடும்பத்துக்குக் கைக்குக் காசு வருவது இதில்தான். 100 நோயற்ற முட்டைத் தொகுதி என்றால் 40,000க்கும் மேற்பட்ட புழுக்கள். ஏறத்தாழ 25 நாள் வளர்ப்பில், அவை தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில் தின்பது. அதாவது மருந்து கலந்த இலை உள்ளே வந்தால், எல்லாச் செலவும் செய்து முடித்த நேரத்தில்தான் பெரும்பாலும் வரும்.

நெல்லில் குருத்துப்பூச்சியைக் கொல்லும் கார்டாப், பட்டுப்புழுவையும் கொல்லும். முன்பே சொன்னபடி இரண்டும் அந்துப்பூச்சியின் குஞ்சுகள்; மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் பட்டுப்புழு இந்த நஞ்சுக்கு மிகவும் எளிதில் பலியாகும் பிராணி. இலையில் படிந்தால் அது நீண்ட நாள் தங்கும். ஜப்பானிலும் சீனாவிலும் நெல்லுக்கு இக்குடும்பத்து மருந்துகள் பரவிய காலத்தில், பட்டு வளர்ப்போர் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. புகையிலை வயலை ஒட்டி வளர்த்த மல்பெரி இலையால் புழு சாவதும் பட்டு நாடுகளின் பழைய அனுபவம். புகையிலையின் நிகோடின், பாராநெமர்டெஸின் அனபாசெயின், தூண்டில் புழுவின் நெரைஸ்டாக்சின், கடையில் விற்கும் இமிடாகுளோபிரிட் — இவை நான்கும் பூச்சியின் நரம்பில் கை வைப்பது ஒரே பூட்டில்தான். சில திறந்தபடியே வைத்துவிடும்; கார்டாப் அடைத்துவிடும். முடிவு ஒன்று.

'கடல் புழுவிலிருந்து வந்தது, ஆகவே இயற்கை மருந்து, ஆகவே தீங்கில்லை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாளை நாடாப்புழுவின் பெயரில் மருந்து வந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். கரப்பான் பூச்சிக்கு ஆகாதது பட்டுப்புழுவுக்கு ஆகும் என்று எதிர்பார்க்க முடியாது. பூஞ்சாணத்தின் பக்கமும் இதே நிலைதான். பிவேரியா என்னும் பூஞ்சாணத்தை உயிரியல் மருந்தாகத் தக்காளிக்கும் கோசுக்கும் அடிக்கிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் பட்டுப்புழு வெள்ளையாக விறைத்துச் சுண்ணாம்புக்கட்டியாகச் சாகும் நோய்க்குக் காரணமும் அதே பிவேரியா. 1835ல் இத்தாலியில் அகஸ்டினோ பாசி, ஒரு நோயை ஒரு நுண்ணுயிர் உண்டாக்குகிறது என்று நிரூபித்தது இந்தப் பட்டுப்புழு நோயை வைத்துத்தான். ஓசூரின் மழைக்கால ஈரத்திலும் மார்கழிக் குளிரிலும் அது விரைவாகப் பரவும். வேலிக்கு அப்பால் மல்பெரி இருக்கும் தோட்டத்தில் பிவேரியா வேண்டாம்.

பட்டு வளர்ப்பவர் செய்யக்கூடியதும் உண்டு. முட்டை வாங்கும் நாளிலேயே சுற்றியுள்ள நாலு தோட்டக்காரர்களிடம் வளர்ப்பு எந்தத் தேதி வரை என்று சொல்லிவிட வேண்டும். வயல்காரர் மருந்து அடிப்பதானால் காற்று மல்பெரிப் பக்கம் வீசாத நேரம் பார்த்து அடிக்க வேண்டும். விசைத்தெளிப்பானின் பனிமூட்டம் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தூரம் போகும். மல்பெரி ஓரத்தில் நெல்லோ கோசோ இருந்தால் கார்டாப் வேண்டவே வேண்டாம், பி.டி. நுண்ணுயிர் மருந்தையும் தவிர்க்க வேண்டும், அதுவும் பட்டுப்புழுவுக்கு எமன். அங்கே விளக்குப் பொறி, முட்டை ஒட்டுண்ணி அட்டை போன்றவற்றை வைத்துச் சமாளிக்கலாம். டிரைக்கோகிரம்மா அட்டையைப் பற்றி பையூர் வட்டார ஆராய்ச்சி நிலையத்திலோ வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ கேட்டு அறியலாம்.

சந்தேகமுள்ள ஓர வரிசை இலையை உடனே எல்லாத் தட்டிலும் போடக் கூடாது. இருபது முப்பது புழுக்களைத் தனியாக எடுத்து அதை மட்டும் கொடுத்து ஒரு நாள் பார்க்க வேண்டும். மற்ற நரம்பு மருந்துகளால் புழு தலையைத் தூக்கி ஆட்டும், வாந்தி எடுக்கும், உடம்பு சுருங்கும். கார்டாப் பட்டால் அப்படி எதுவும் இருக்காது. தின்பதை நிறுத்திவிட்டு, நீட்டி, தளர்ந்து, தூங்குவதுபோலக் கிடக்கும். தோலுரிப்புக்கு உறங்குகிறது என்று எண்ணி ஏமாந்துவிடுவதும் உண்டு. அந்த இலையை உடனே அப்புறப்படுத்தி, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, தோட்டத்தின் நடுவிலிருந்து நல்ல இலை பறித்துப் போட்டால் இலேசாகப் பட்ட புழுக்கள் தேறி எழுவதும் உண்டு. அப்படியே வாரிக் குப்பையில் கொட்டிவிடக் கூடாது.

கடைசியாகத் தெளிப்பான் விஷயம். நெல்லுக்கும் கோசுக்கும் மருந்து அடித்த அதே தெளிப்பானில் வளர்ப்பு மனைக்குக் கிருமிநாசினி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பட்டுக்கென்று ஒரு கைத்தெளிப்பான் தனியே இருக்கட்டும். அதன் டேங்கில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் கூலியாள் மாற்றி எடுக்க மாட்டார். மற்றத் தெளிப்பானை ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. காளான் மருந்து மனிதனுக்குச் சாது, மீனுக்குப் பெரும் நஞ்சு. கார்டாப்பும் மீனுக்கு ஆகாது. கழுவிய தண்ணீரை, மருந்து அடித்த வயலுக்குள்ளேயே, மல்பெரிக்கும் கிணற்றுக்கும் எட்டாத மூலையில் ஊற்றிவிடலாம்.